கொதிக்க வைத்த தண்ணீர்

குழந்தை பிறந்து முப்பத்தெட்டாவது நாள், திங்கட்கிழமை காலை. அக்கா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, தங்கை குளியலறைக் கதவை உள்ளங்கையால் படபடவென்று அடித்தாள்.

“அக்கா, சீக்கிரம் வா. சிட்டு ஒரு மாதிரி இருக்கு.”

“ஒரு மாதிரின்னா?”

“பால் குடிக்க மாட்டேங்குது. கூப்பிட்டா கண்ணைத் தொறக்கல. உடம்பைத் தொட்டா பிசைஞ்ச மாவு மாதிரி இருக்குக்கா.”

அக்கா ஈரத் தலையோடு ஓடினாள். குழந்தை கட்டிலின் நடுவில் கிடந்தது. நேற்று முழுவதும் மெல்லிய கீச்சுக் குரலில் கத்தித் தீர்த்த குழந்தை அது. புட்டியை வாயில் வைத்தால் ஆவேசமாக உறிஞ்சும்; எடுத்தால் மறுபடி கத்தும். எவ்வளவு குடித்தாலும் அதன் தாகம் அடங்கவில்லை. இப்போது அந்தக் கத்தலும் இல்லை. உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. அக்கா அதன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து விட்டாள். பிடித்த இடம் மடிந்தபடியே நின்றது. உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது.

“பையை எடு. இல்ல, எதுவும் வேணாம். கிளம்பு.”

அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பிள்ளைகள் அவளை ‘டிரைவரம்மா’ என்பார்கள். பதினான்கு வருஷமாக நாற்பது குழந்தைகளை ஏற்றி இறக்குகிறாள். ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவளும் தங்கையும்தான். தங்கையின் கணவன் கப்பலில் வேலை செய்கிறான். கரையைத் தொட்டால்தான் அவன் குரல் கேட்கும். அதனால் பிரசவத்திலிருந்து துணி அலசுவதுவரை அக்காவே எல்லாம் பார்த்தாள். பள்ளிக்கும் அப்போது விடுமுறை.

தங்கைக்கு மார்பில் கட்டி வந்து காய்ச்சல் கண்டதால், பத்து நாளாகக் குழந்தைக்குப் பவுடர் பால்தான்.

அக்கா வண்டி ஓட்டும்போது ஒருபோதும் ஹாரனை அழுத்திப் பிடிக்க மாட்டாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை கையை எடுக்கவில்லை.

குழந்தை டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். குழந்தையைப் பார்த்த உடனே எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதே அக்காவைப் பயமுறுத்தியது. நர்ஸ் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். குழந்தை அழவில்லை. ஊசிக்குக்கூட அழவில்லையே என்று தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் ஒரு தாளோடு வந்தார்.

“குழந்தையோட ரத்தத்துல உப்பு ரொம்ப ஏறியிருக்கு. இந்த வயசுல இது தானா ஏறாது. பால் எப்படிக் கலக்கறீங்க?”

“டப்பாவுல போட்டிருக்கிற மாதிரிதான் டாக்டர்.”

“ஸ்பூனைத் தலைதட்டிப் போடறீங்களா, குவிச்சுப் போடறீங்களா?”

“தலைதட்டித்தான்.”

“தண்ணி சரியா அளந்து ஊத்தறீங்களா?”

“ஆமா.”

பக்கத்தில் நின்ற நர்ஸ் எழுதிக்கொண்டே, “தூக்கக் கலக்கத்துல ரெண்டு ஸ்பூன் கூடிப்போயிருக்கலாம், இல்லையா?” என்றாள். கேள்வி மெதுவாகத்தான் வந்தது. ஆனால் தங்கையின் முகம் அப்படியே வெளுத்துப்போனது.

“நான் சரியாத்தான் போட்டேன்,” என்றாள். பிறகு, “சரியாத்தான் போட்டேன்னு நினைக்கிறேன்,” என்றாள்.

டாக்டர் குரலைத் தணித்தார். “உங்களைக் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல. உப்பு வெளிய இருந்து வந்துதா, இல்ல உள்ள கிட்னியில கோளாறா, அதுதான் எனக்குத் தெரியணும். ரெண்டுக்கும் பாக்கற விதம் வேற. கிட்னின்னா வேற ஊருக்கு அனுப்பணும். இந்த நிலைமையில ஆம்புலன்ஸ்ல அஞ்சு மணி நேரம் எனக்கு இஷ்டமில்ல. வீட்டுல இருந்து அந்தப் பவுடர் டப்பாவையும் ஸ்பூனையும் யாராவது கொண்டு வாங்க.”

அவர் உள்ளே போனதும் தங்கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். 

“அக்கா, நான்தான் தப்பா போட்டிருப்பேனோ? எனக்கு ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது. காய்ச்சல்ல என்ன பண்ணினேன்னே தெரியல.”

“போடி பைத்தியம். நீ அப்படிப் போடற ஆளா? நான் போய் டப்பாவை எடுத்துட்டு வர்றேன். அப்ப தெரிஞ்சிடும்.”

வீட்டுக்கு வரும் வழியில் அவள் மனதுக்குள் ஸ்பூன்களைத்தான் எண்ணிக்கொண்டு வந்தாள். பவுடரே கெட்டதோ, கடைக்காரன் பழைய டப்பாவைத் தள்ளிவிட்டானோ என்று யார் யாரையோ சந்தேகப்பட்டாள். தன்னைத் தவிர.

வீட்டைத் திறந்தாள். சமையலறை மேடையில் டப்பா இருந்தது. எடுத்துப் பையில் போட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. குடிக்கும் தண்ணீர்க் கேனைச் சாய்த்தாள். காலி. பக்கத்தில் குழந்தைக்காகக் கொதிக்க வைத்து ஆறவிட்ட கெட்டில் இருந்தது. மூடியைத் திறந்து அப்படியே அண்ணாந்து வாயில் ஊற்றினாள்.

உப்புக் கரித்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. அழுதிருக்கிறோம், கண்ணீர் உதட்டில் இருக்கிறது என்று நினைத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள். அதே கரிப்பு. கெட்டிலை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து கையில் பிடித்துக் குடித்தாள். உப்பு. குளியலறைக்கு ஓடினாள். அங்கேயும் உப்பு. காலையில் இந்தத் தண்ணீரில்தான் குளித்தோம், பல் தேய்த்தோம், நம் நாக்கு எங்கே போயிருந்தது என்று நினைத்தாள். அந்தப் பற்பசைக் காரத்தில் எதுவும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் சனிக்கிழமை சூப் நினைவுக்கு வந்தது. தங்கை ஒரு வாய் வைத்துவிட்டு, “என்னக்கா, கடலைக் கொண்டு வந்து கவுத்துட்டியா?” என்றாள். “நான் ஒரு சிட்டிகைதான் போட்டேன், நீயும் போட்டியாடி?” “நான் அடுப்புப் பக்கமே வரலையே!” என்று இரண்டு பேரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கு வேகவைத்ததும் கரித்தது. அப்போதும், “உனக்கு யார் மேலயோ ஆசை வந்திருக்குக்கா, அதான் கை தாராளமா போகுது,” என்று தங்கை கிண்டல் செய்தாள். சிரித்துக்கொண்டே தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு ரொட்டி தின்றார்கள். சிட்டு மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது. அதற்குக் கிண்டல் செய்யத் தெரியாது. தட்டை ஒதுக்கவும் தெரியாது.

 அக்கா சமையலறைக்குப் பின்னால் இருந்த குறுகிய அறைக்குப் போனாள்.

அங்கேதான் சாஃப்ட்னர் நின்றது. அவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பாத்திரமெல்லாம் வெள்ளை பூத்துப்போகும், சோப்பு நுரைக்காது, தலைமுடி நார் ஆகும். அதற்காக அப்பா பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கி வைத்த இயந்திரம் அது. ஆள் உயரத்தில் ஓர் உருளை. அதற்குள் கடுகளவு மணிகள் நிறைந்திருக்கும். பக்கத்தில் இடுப்பளவு உப்புத் தொட்டி. தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை அந்த மணிகள் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று நாளைக்கு ஒரு தடவை தொட்டியிலிருந்து உப்புநீர் ஏறி மணிகளைக் கழுவிவிட்டுச் சாக்கடைக்குப் போகும். எப்போது எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வழிவிடுவது உருளையின் உச்சியில் இருக்கும் வால்வு. அதற்குள் ஒரு தண்டு ரப்பர் சீல்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நகரும். அவ்வளவுதான் சங்கதி.

இந்த வால்வு பத்து நாளைக்கு முன் மக்கர் செய்தது. தண்டு நகரவில்லை; கிணற்றுத் தண்ணீர் அப்படியே வீட்டுக்குள் வந்தது. அதில் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிச் சிட்டுவின் கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் தோல் சிவந்து வெடித்தது. சாஃப்ட்னர்காரர் வந்து பார்த்தார்.

“சீலெல்லாம் காய்ஞ்சு போச்சும்மா. வயசானவங்க பல்லு மாதிரி, ஆடிக்கிட்டு நிக்குது. புது செட் வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் இதை யாரும் தொட வேணாம். நானே வந்து மாத்தறேன்.”

அக்கா நான்கு நாள் பொறுத்தாள். குழந்தை குளிக்கும்போது வீரிடுவதைக் கேட்கப் பொறுக்கவில்லை. பேருந்தின் காற்றுக் கதவு எத்தனை தடவை சிக்கியிருக்கிறது! அவளே கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி ஓட வைத்திருக்கிறாள். இது என்ன பெரிய கம்பசூத்திரமா? வியாழக்கிழமை காலை கிணற்று மோட்டாரை அணைத்துவிட்டு, வால்வைத் திறந்தாள். தண்டை உருவி, சுண்ணாம்பைச் சுரண்டி, காய்ந்த சீல்களுக்கெல்லாம் பேருந்து கிரீஸை வழித்து வழித்துப் பூசினாள். மாட்டினதும் தண்டு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. உப்புத் தொட்டியையும் விளிம்புவரை நிரப்பினாள். மறுநாள் காலை சோப்பு நுரைத்தது. “என் அக்கா கை பட்டா இரும்பும் பேசும்,” என்றாள் தங்கை. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில்தான் சனிக்கிழமை அந்த வார்த்தை வந்தது. சாலை வேலை நடந்ததால் கேன்காரர் வரவில்லை. இருந்த அரைக் கேன் மூன்று நாளாகத் திறந்து கிடந்தது. குழந்தைக்கு அதைக் கொடுக்கலாமா என்று தங்கை யோசித்தாள்.

“பழைய தண்ணி எதுக்கு? அதை நாம குடிச்சுக்கலாம். பிள்ளைக்குக் குழாய்ல புதுசா பிடிச்சுக் கொதிக்க வை. மெஷின்தான் இப்ப ஜம்முனு ஓடுதே.”

சொன்னது அவள்தான். அவள் வாயால்தான்.

இப்போது வால்வுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சின்ன மோட்டார் எதையோ நகர்த்தப் பார்த்து, முடியாமல், விட்டுவிட்டு உறுமியது. உப்புத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். வியாழக்கிழமை விளிம்புவரை நின்ற உப்பு பாதிக்கு இறங்கியிருந்தது. ஒரு மாதத்துக்கு வர வேண்டிய உப்பு. அது சாக்கடைக்குப் போகவில்லை. வீட்டுக் குழாய்களுக்குள் போயிருக்கிறது. கெட்டிலுக்குள், புட்டிக்குள்...

அவள் இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரைத் திருப்பிவிடும் பிடியைப் பிடித்து முறுக்கினாள். கை வழுக்கியது. புடவைத் தலைப்பால் சுற்றிப் பிடித்து மறுபடி முறுக்கி அடைத்தாள். பிறகு தங்கைக்குப் போன் போட்டாள்.

போன் பக்கத்து அறையில் அடித்தது. கட்டிலின் மேல், குழந்தையின் துணிக்கு அடியில், அது அடித்துக்கொண்டே இருந்தது. அவசரத்தில் தங்கை எடுத்துப்போகவில்லை.  ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த எண்ணுக்கு அடித்தாள். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று வந்தது. மறுபடி அடித்தாள். அதே.

கெட்டில் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அந்த இருபது நிமிஷப் பயணத்தில் அவளுக்குள் ஒரு குரல் பேசியதை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. பாட்டிலை வெளியே எறிந்துவிடு என்றது அந்தக் குரல். டப்பாவை மட்டும் கொடு. ஸ்பூன் கூடிப்போய்விட்டது என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். தங்கையும் பாதி நம்பிவிட்டாள். காய்ச்சலில் கிடந்த ஒரு தாய் கை தவறிப் போட்டாள் என்றால் யாரும் அவளைத் தூற்ற மாட்டார்கள். ஆனால் தொடாதே என்று சொன்ன இயந்திரத்தைத் தொட்ட பெரியம்மாவை? சிட்டு போய்விட்டால்?  சிக்னலில் நின்றபோது பாட்டிலை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். பச்சை விழுந்து எத்தனை நேரமோ.

ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினாள். டாக்டர் யாரிடமோ போனில், “ஆமா, இங்க இருந்து ஆம்புலன்ஸ்லதான்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா பாட்டிலை அவர் மேஜையில் வைத்தாள்.

“டாக்டர், பவுடர் இல்ல. தண்ணி. எங்க வீட்டுத் தண்ணியில உப்பு. சாஃப்ட்னர்ல இருந்து வருது. சனிக்கிழமையில இருந்து குழந்தை குடிச்சது இந்தத் தண்ணிதான்.”

டாக்டர் போனை அப்படியே காதிலிருந்து எடுத்தார். பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டைச் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்தார். ஒரு கணம் கண்ணை மூடினார்.

“சனிக்கிழமை எத்தனை மணியில இருந்து?”

“மத்தியானம்.”

“எத்தனை தடவை கொடுத்திருப்பீங்க?”

“ஒரு நாளைக்கு எட்டு. நேத்து அதுக்கும் மேல. கேட்டுக் கேட்டுக் குடிச்சுது டாக்டர்.”

“தாகம்,” என்றார் டாக்டர். “குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறியிருக்கும்.” பிறகு போனில், “ஆம்புலன்ஸ் வேணாம், இங்கயே பாத்துக்கறேன்,” என்று சொல்லி வைத்தார்.

வாசலில் தங்கை நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஒரு நிம்மதி: நான் இல்லை, நான் போடவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். அடுத்த கணம் அது அழிந்துபோய், தங்கை அவளை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“மெஷின் கெட்டுப்போச்சுடி,” என்றாள் அக்கா. அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. தொடாதே என்று சொன்னதைத் தொட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

உப்பை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார்.

“ஏறின உப்பை வேகமா இறக்கக் கூடாது. இறக்கினா மூளை வீங்கிடும். சொட்டுச் சொட்டா, ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்கு நடுவுல வலிப்பு வரலாம். வந்தா பயப்படாதீங்க. நாங்க தயாரா இருக்கோம்.”

பயப்படாதீங்க என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடுமா?

மதியம் மூன்று மணிக்கு வலிப்பு வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றிருந்த அக்காதான் முதலில் பார்த்தாள். குழந்தையின் வலது கை தானாக, தாளம் போடுவதுபோல் துடித்தது. பிறகு வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அவள் கண்ணாடியை அடித்தாள். நர்ஸ் ஓடினாள், டாக்டர் ஓடினார், திரை இழுக்கப்பட்டது. திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. வெள்ளைச் செருப்பு, பழுப்புச் செருப்பு, வெள்ளைச் செருப்பு. அவை எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்க்கப் பார்க்க அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தங்கை தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கப் போன அக்காவின் கையைத் தட்டிவிட்டாள்.

நான்கு நிமிஷம் என்று பிறகு சொன்னார்கள். அக்காவைக் கேட்டால் நான்கு வருஷம் என்பாள்.

அன்று சாயங்காலம் தங்கை முதல் தடவையாகப் பேசினாள். “நீ வீட்டுக்குப் போக்கா.”

“நான் இங்கயே ஓரமா இருக்கேன்டி. உன்கிட்ட பேசக்கூட மாட்டேன்.”

தங்கை கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா வராந்தாவின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். இரண்டு நாள் அந்தப் பெஞ்சுதான் அவளுக்கு வீடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். தாளோடு டாக்டர் வரும் காலடிச் சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது. எண் இறங்கியிருந்தால், “சரியா இறங்குது,” என்பார். ஒரு தடவை மட்டும், “கொஞ்சம் வேகமா இறங்கிடுச்சு, சொட்டைக் குறைக்கறேன்,” என்றார். அந்த ஆறு மணி நேரமும் அக்கா காகிதக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் குடிக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை காலை சாஃப்ட்னர்காரர் போன் செய்தார். சீல் செட் சீக்கிரமே வந்துவிட்டது, மாட்டவா என்று கேட்டார். அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர், “ஐயையோ,” என்றார். பிறகு, “நீங்க வாங்கம்மா, திறந்து பாத்துடுவோம்,” என்றார்.

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அவர் தண்டை உருவப் பார்த்தார். வரவில்லை. குறடு போட்டு இழுத்ததும் ஒரு சீல் அதோடு கிழிந்து வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இருக்க வேண்டிய அளவைவிட ஒன்றரை மடங்கு உப்பியிருந்தது. அழுத்தினால் ஊறிய ரொட்டி மாதிரி பிய்ந்தது. விரலை மோந்து பார்த்தார்.

“இதுல வண்டி கிரீஸ் யாரு வச்சது?”

அக்கா தன் கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“எண்ணெய் கிரீஸ் பட்டா இந்த ரப்பர் ரெண்டு மூணு நாள்ல வீங்கிடும்மா. இதுக்குன்னு சிலிக்கான் கிரீஸ் தனியா இருக்கு. வீங்கின சீல் தண்டைப் பாதி வழியில பிடிச்சுக்கிச்சு. உப்புநீர் வர்ற வாசலும் திறந்து, வீட்டுக்குப் போற வாசலும் திறந்து நின்னுடுச்சு. குழாயைத் திறக்கறப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இழுத்திருக்கு.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார். “மெஷினும் பழசுதான். சீலும் காய்ஞ்சதுதான். பழசுன்னே வச்சுக்குவோமே. யாரும் கேக்கப் போறதில்ல.”

மனிதர் நல்லவர். அவர் நீட்டியது ஒரு வழி. அக்கா அந்தக் கிழிந்த சீலை அவர் கையிலிருந்து வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். புது சீல் வேண்டாம், இயந்திரத்தையே கழற்றி எடுத்துப் போய்விடுங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது தங்கை கண்ணாடித் தடுப்புக்கு முன் நின்றிருந்தாள். அக்கா கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினாள். சொன்னாள். சாஃப்ட்னர்காரர் தொடாதே என்றதை, தொட்டதை, எந்த கிரீஸ் என்பதை, வண்டியில் வரும்போது மனதில் வந்த குரல் என்ன சொன்னது என்பதை, எல்லாம்.  தங்கை சீலைத் தொடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான்தான் தப்பா போட்டேன்னு என்னையே நம்ப விட்டிருப்பியாக்கா?”

“தெரியலடி,” என்றாள் அக்கா. “சிக்னல்ல நிக்கற வரைக்கும் எனக்குத் தெரியல.”

தங்கை திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வியாழக்கிழமை அதிகாலை குழந்தை டயப்பரை நனைத்தது. நர்ஸ் அதை ஏதோ பரிசு விழுந்த மாதிரி வந்து சொன்னாள். காலை பத்து மணிக்குக் கண்ணைத் திறந்து நர்ஸின் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தது. மதியம் பசிக்கு அழுதது. கீச்சுக் குரல் இல்லை. வயிற்றிலிருந்து வரும், அண்டை அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அழுகை. வராந்தாவின் கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. அக்கா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்; கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

“தலை ஸ்கேன் நல்லா இருக்கு,” என்றார் டாக்டர். “ஆனா ஒரு வருஷம் வரைக்கும் கவனிச்சுக்கிட்டே இருப்போம். தலை நிக்கறது, திரும்பறது, கேக்கறது, எல்லாம். இப்பவே எதையும் உறுதியா சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். அன்னைக்கு அந்தப் பாட்டில் வரலைன்னா, இந்தக் குழந்தை ஆம்புலன்ஸ்லதான் இருந்திருக்கும். அந்த வலிப்பு ரோட்டுல வந்திருக்கும்.”

தங்கை அதைக் கேட்டுக்கொண்டாள். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். பின்னறையில் இயந்திரம் நின்ற இடத்தில் தரை மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. ஏழு கேன் தண்ணீர் சுவரோரம் வரிசையாக நின்றது. அக்கா ஒவ்வொன்றையும் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தாள்.

அன்று மத்தியானம் கப்பல் ஏதோ துறைமுகத்தைத் தொட்டது. தங்கையின் கணவன் ஒரு வாரச் செய்திகளை ஒரே மூச்சில் படித்துவிட்டு, பதறிப்போய் அழைத்தான். தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அக்கா அடுப்படியில் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் குரல் உடைந்து உடைந்து வந்தது.

“எப்படி ஆச்சு? தண்ணியில உப்பு எப்படி வந்துச்சு? அந்த மெஷினை யார் பாத்துக்கிட்டாங்க? யாரைக் கேக்கறது நான்?”

அக்கா குழாயை மூடினாள். கையிலிருந்த புட்டியைக் கீழே வைத்தாள். நான்தான் தம்பி என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள்.

தங்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு நாளில் முதல் தடவை, நேராக.

“நாங்கதான் கவனிக்கலங்க,” என்றாள் போனில். “மெஷின் ரிப்பேர் ஆச்சு. நாங்களே சரி பண்ணப் பாத்தோம். தப்பாயிடுச்சு. அக்காதான் கண்டுபிடிச்சு ஓடி வந்தா. மத்ததை நீங்க வந்ததும் உக்காந்து பேசிக்கலாம்.”

அவன் இன்னும் என்னென்னவோ கேட்டான். தங்கை பதில் சொல்லிக்கொண்டே, குழந்தையின் கழுத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கி, அக்கா பக்கம் நீட்டினாள். அக்கா கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். சிட்டுவின் தோல் கிணற்றுத் தண்ணீரில் மறுபடி சிவக்கத்தான் செய்யும். அதற்குத் தேங்காயெண்ணெய் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா அதன் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லப் பிடித்துவிட்டுப் பார்த்தாள். பிடித்த இடம் உடனே படிந்தது. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். குழந்தை எரிச்சலில் காலை உதறி, அவள் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கியது.